ஒரே டீம், ஒரே கோச்... குவார்ட்டர்பேக் மாறினால் ஆட்டமே மாறுவது ஏன்?

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க உட்கார்ந்தால் முதலில் ஒரு குழப்பம் வரும். ஒரு டீம் பந்தை எறிந்துகொண்டே இருக்கும்; இன்னொன்று பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். இதில் எது சரி? ரெண்டுமே சரிதான். அந்த டீமின் குவார்ட்டர்பேக் யார் என்பதைப் பொறுத்தது அது.

குவார்ட்டர்பேக்குக்கு என்ன வேலை?

தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். பெரும்பாலும் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக் கைக்குத்தான். அவர் அதை எறியலாம், பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்கிடம் கொடுக்கலாம், இல்லையென்றால் தானே ஓடலாம். இந்த மூன்றில் அவருக்கு எது கைவந்த கலையோ, அதைச் சுற்றித்தான் வியூகம் அமைய வேண்டும்.

டென்வரில் என்ன நடந்தது?

2011 சீசனில் டென்வர் பிராங்கோஸ் முதல் 5 ஆட்டங்களில் 4-ல் தோற்றது. அதன் பிறகு டிம் டீபோவிடம் பொறுப்பு வந்தது. ஆள் பலசாலி, நன்றாக ஓடுவார். ஆனால் எறிவதில் குறி தப்பும். அந்த சீசனில் அவர் எறிந்த பந்துகளில் 46.5 சதவீதம்தான் சக வீரர்களிடம் சேர்ந்தது.

கோச் ஜான் ஃபாக்ஸ், 'இப்படித்தான் எறியணும்' என்று அவரோடு மல்லுக்கட்டவில்லை. ஆட்டத்தையே மாற்றினார். தடுக்கும் அணியின் ஓரத்து வீரர் ஒருவரை வேண்டுமென்றே மறிக்காமல் விடுவார்கள். அவர் ரன்னிங் பேக்கைத் துரத்தினால் டீபோவே பந்தோடு ஓடுவார். டீபோவைக் குறிவைத்தால் பந்து ரன்னிங் பேக்குக்குப் போகும். கன்சாஸ் சிட்டிக்கு எதிரான ஒரு ஆட்டத்தில் டீபோவின் 8 பாஸ்களில் 2 மட்டுமே கைசேர்ந்தன. ஆனாலும் டென்வர் 17-10 என ஜெயித்தது! பிளேஆஃபிலும் நுழைந்து, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை வீழ்த்தியது.

அடுத்த ஆண்டே தலைகீழ்!

2012-ல் வந்தவர் பெய்டன் மேனிங். வயது 36, கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அவரை ஓடச் சொல்ல முடியுமா? ஆனால் எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்தே திட்டத்தைக் கடைசி நொடியில் மாற்றுவதில் கில்லாடி. கோச் அதே ஃபாக்ஸ், தாக்குதலைத் திட்டமிட்டவரும் அதே மைக் மெக்காய். வியூகம் மட்டும் பாஸுக்கு மாறியது. பலன்? 13 வெற்றி, 3 தோல்வி. 2013-ல் மேனிங் 55 டச் டவுன் பாஸ்கள் எறிந்தார். டீம் 606 புள்ளிகள் குவித்து சாதனை படைத்தது.

அப்படியானால் தோல்வியே வராதா?

வரும். 2011 சீசனின் பிளேஆஃபில் டீபோவின் டென்வர், நியூ இங்கிலாந்திடம் 45-10 என்று சுருண்டது. சாதனை படைத்த மேனிங்கின் டீமும் சூப்பர் பவுலில் சியாட்டிலிடம் 43-8 என்று நொறுங்கியது. பலத்துக்கு ஏற்ற வியூகம் ஒரு டீமை வெகுதூரம் கொண்டுபோகும். ஆனால் அந்த ஒரு வழியை எதிரணி அடைத்துவிட்டால், கையில் இரண்டாவது வழி இருக்க வேண்டும்.

அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது ஒரு பாஸ் வீணானால் உடனே குவார்ட்டர்பேக்கைத் திட்டாதீர்கள். அவருக்கு வராத வேலையை அவரிடம் கொடுத்தது யார் என்றும் கொஞ்சம் பாருங்கள்.