செயல்வழிக் கற்றலும் திருப்பூர்ப் பள்ளிகளும்

செயல்வழிக் கற்றல் என்பது தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2007-08 கல்வியாண்டில் மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்ட கற்பித்தல் முறையாகும். இது ஆசிரியர்களின் கூட்டு உழைப்பில் உருவானது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் ஆந்திரத்தின் ரிஷிவேலிக்குச் சென்று, அங்குள்ள கிராமப் பள்ளிகளின் பல்வகுப்புக் கற்பித்தலைக் கண்டனர். திரும்பியபின் ஒன்றாக அமர்ந்து பாடநூலைச் சிறு படிகளாகப் பிரித்தனர். அட்டைகள் எழுதி, வகுப்பில் பயன்படுத்திப் பார்த்துத் திருத்தினர். அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம். பி. விஜயகுமார் இம்முயற்சிக்குத் துணை நின்றார்.

2009இல் தனி மாவட்டமான திருப்பூர், பின்னலாடை வேலைக்காக வெளியூர்க் குடும்பங்கள் வந்துசேரும் பகுதி. பள்ளி ஆண்டின் நடுவே வரும் குழந்தைகளும் இடையில் நின்றுபோகும் குழந்தைகளும் உள்ள வகுப்புக்கு, எல்லோருக்கும் ஒரே பாடம் என்பது பொருந்தாது. செயல்வழிக் கற்றலின் 'ஏணிப்படி' இங்குதான் உண்மையில் பயன்படக்கூடியது: விடுப்பில் இருந்த குழந்தை, விட்ட படியிலிருந்தே தொடரலாம்.

ஆனால் மாநிலம் முழுவதற்கும் விரிந்தபோது அட்டைகள் அச்சிடப்பட்டு வந்தன. அவற்றை எழுதித் திருத்திய அனுபவம் பெரும்பாலான ஆசிரியர்களுக்குக் கிடைக்கவில்லை. ஜப்பானின் 'பாட ஆய்வு' முறையில் ஒருவர் பாடம் நடத்த, சக ஆசிரியர்கள் கவனித்து, பிறகு கூடி விவாதிப்பர். அத்தகைய பொறுப்பு இங்கே குறுவள மையக் கூட்டங்களுக்கு வந்திருக்கலாம். அவையோ பெரிதும் பயிற்சி கேட்கும் இடங்களாகவே அமைந்தன. 2022இல் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. அதில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கப்படுகின்றனர்.