லாரிப் புகை சொல்லும் சேதி

"நெருப்பில்லாமல் புகையாது" என்பது நம்மூர்ப் பழமொழி. காரைக்காலில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியிலும் இதே பொருளில் ஒரு பழமொழி சொல்லிக் கொடுத்தார்கள். மணிமேகலையில் அறவண அடிகள் தருக்கம் விளக்கும்போது, மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று அறிவதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். அதற்குத் துணையாக அடுக்களையைக் காட்டுகிறார். நம் லாரிப் பட்டறைக்காரர்கள் அதற்கும் ஒரு படி மேலே போனவர்கள். புகையைப் பார்த்து நெருப்பு உண்டென்று சொல்வதோடு நிற்காமல், அந்த நெருப்புக்கு என்ன நோய் என்பதையும் சொன்னார்கள். அந்தக் கலையைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

முதலில் எஞ்சினின் கதை. ருடால்ஃப் டீசல் ஜெர்மானியப் பெற்றோருக்கு 1858-ல் பாரிஸில் பிறந்தவர். அவர் செய்த எஞ்சின் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் சோதிக்கப்பட்டது. எரிபொருளின் வெப்பத்தில் கால் பங்குக்குச் சற்று மேலே வேலையாக மாறியது. அன்றைய நீராவி எஞ்சின் எதுவும் அதன் அருகில் வரவில்லை. 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் இந்த வகை எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய் நகருக்கு மணிலாக்கொட்டை கப்பல் கப்பலாகப் போன காலம் அது.

பெட்ரோல் எஞ்சினில் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசலில் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை இறுக்கி நசுக்கும்போது அது கொதிசூடாகிறது. சரியான நொடியில் நாஸில் வழியாக டீசல் பனிபோலப் பீய்ச்சப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே காற்று போதுமான அளவு வர வேண்டும், டீசல் பொடிப்பொடியாகத் தெளிக்கப்பட வேண்டும், அழுத்தம் குறையாமல் இருக்க வேண்டும். இவற்றில் எது கெட்டாலும் புகைக்குழாய் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் பக்கத்துச் சாலைகளுக்கு மோட்டார் வந்தது டீசலுக்கு முன்பே. 1912-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பஸ்கள் மரக்கரி வாயுவில் ஓடின. அதற்கான கருவியையும் டி.வி.எஸ். நிறுவனமே தயாரித்தது. பெரியவர்கள் "கரி பஸ்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

டீசல் லாரிகள் பெருகியது சுதந்திரத்துக்குப் பிறகு. 1948-ல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. 1954-ல் டாடா நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டுறவோடு ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் கூட்டில் 1951-ல் பெங்களூரில் ஏற்பட்ட மைக்கோ, டீசல் பம்ப்புக்கும் நாஸிலுக்கும் பெயர் பெற்றது. அந்த லாரிகளில் கம்ப்யூட்டர் இல்லை, எச்சரிக்கை விளக்குகளும் சொற்பம். மெக்கானிக்குக் கண்ணும் காதும் மூக்கும்தான் கருவி.

அவர்கள் படித்த பாடம் மூன்று நிறங்களில் அடங்கும்.

கறுப்புப் புகை என்றால் டீசல் முழுதும் எரியவில்லை. ஒன்று, காற்று குறைவு. இல்லையென்றால் டீசல் அதிகம். ஏர் பில்டரில் தூசி அடைத்திருக்கலாம், நாஸில் தெளிக்காமல் ஒழுகலாம், பம்ப் அளவுக்கு மேல் கொடுக்கலாம். பாரம் அதிகம் ஏற்றி மேட்டில் ஏறினாலும் கறுப்பாகத்தான் வரும். அது வண்டியின் குற்றமல்ல, ஏற்றியவர் குற்றம்.

நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கும், அல்லது வால்வு கைடு வழியாக ஆயில் இறங்கும். இந்த வண்டியை "ஆயில் குடிக்கிற வண்டி" என்பார்கள். டிப் ஸ்டிக்கில் அளவு நாளுக்கு நாள் இறங்குகிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வெள்ளைப் புகையில் இரண்டு வகை உண்டு. கண்ணை எரித்து, டீசல் நாற்றத்தோடு காற்றில் தங்கி நின்றால், டீசல் பற்றாமலே வெளியேறுகிறது. டைமிங் பிந்தியிருக்கலாம், அழுத்தம் குறைந்திருக்கலாம். மார்கழிக் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் இப்படி வந்து நின்றுபோனால் கவலையில்லை. நாற்றமில்லாமல், குழாயை விட்டு வந்ததும் காற்றில் கரைந்தால் அது நீராவி. எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் அல்லது ஹெட் விரிந்திருக்கும். எஞ்சின் ஆயில் பால் கலந்த காபி நிறமானால் அதில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் வண்டியை ஓட்டக் கூடாது.

எந்த சிலிண்டரில் கோளாறு என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று வைத்திருந்தார்கள். எஞ்சின் ஓடும்போதே நாஸிலுக்குப் போகும் டீசல் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டருக்கு டீசலை நிறுத்தினால் எஞ்சின் தடுமாறும். கெட்டதற்கு நிறுத்தினால் சத்தம் மாறாது, சில சமயம் புகை மட்டும் குறையும். ஒரு ஸ்பேனரும் காதும் போதும். ஆனால் பழகிய கைதான் செய்ய வேண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இதை ஏன் விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், நிறத்தைத் தவறாகப் படித்தால் ஒரு குடும்பமே ஆட்டம் காணும். எங்கள் உறவினர் ஒருவர் பழைய லாரி ஒன்றைக் கடனில் வாங்கி ஐஸும் மீனும் ஏற்றிவந்தார். வண்டி கறுப்பாகப் புகைந்தது, இழுவையும் குறைந்தது. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் "எஞ்சினை இறக்கியாக வேண்டும்" என்றார்கள். லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றினார்கள். வீட்டு நகை அடகுக்குப் போனது. வண்டி திரும்பி வந்தபோது புகை அதே கறுப்பு. கடைசியில் ஒரு வயதான மெக்கானிக், ஏர் பில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றிப் பார்த்தார். உள்பக்கம் உரிந்து தொங்கிக் காற்றை அடைத்துக்கொண்டிருந்தது. குழாயை மாற்றியதும் புகை நின்றது. கறுப்பு நிறம் ஆரம்பத்திலிருந்தே "காற்றைப் பார்" என்றுதான் சொல்லியிருக்கிறது. நகை மீண்டு வர நான்கு வருஷம் ஆயிற்று.

அரசாங்கமும் புகையைக் கவனிக்கத் தொடங்கியது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில், 115-வது விதி புகைக்கு அளவு வைத்தது. வண்டியை நிறுத்தி ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் சோதனையில் டீசல் வண்டிக்கு அன்று 65 ஹார்ட்ரிட்ஜ் அளவு வரை அனுமதி இருந்தது. புகையே இல்லையென்றால் 0, ஒளி ஊடுருவவே முடியாவிட்டால் 100. நல்ல விதிதான். ஆனால் மீட்டர் எவ்வளவு புகை என்று சொல்லுமே தவிர ஏன் புகை என்று சொல்லாது. சோதனைக்கு முன் பம்ப்பில் டீசலைக் குறைத்துவைத்து, சான்றிதழ் வாங்கிய பின் பழையபடி திருகிவிட்டால், தாள் சுத்தமாக இருக்கும், சிலிண்டர் அப்படியே இருக்கும்.

2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 வந்துவிட்டது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. புது லாரிகளில் கரித்துகளைப் பிடிக்க வடிகட்டி உண்டு. புகை கண்ணுக்குத் தெரிவதில்லை, கோளாறை ஸ்கேனர் சொல்கிறது. இது நல்ல மாற்றமே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது. அந்தப் புகையை முகர்ந்து பார்த்தே நோய் கண்டவர்கள் நம் மெக்கானிக்குகளும் கிளீனர் பையன்களும். வண்டியின் நெஞ்சைக் காப்பாற்றத் தங்கள் நெஞ்சில் கரி படிய நின்றவர்கள் அவர்கள்.

கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கும் பழைய லாரியை நம்பிப் பிழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எஞ்சினை இறக்கச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். முதலில் பில்டரையும் காற்றுக் குழாயையும் பாருங்கள். அடுத்து நாஸில், பிறகு பம்ப். ரிங்கும் லைனரும் கடைசி. செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போகும் வரிசை இது. ஊரில் வயதான மெக்கானிக் யாராவது இருந்தால் அவரிடம் ஒருமுறை காட்டுங்கள். புகைக்குப் பின்னால் நேராக மட்டும் நிற்காதீர்கள். காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்று பார்த்தாலும் நிறம் தெரியும்.