பெருஞ்சுமை லோரி ஓட்டம் (பண்டமாரான்)

இயந்திரம், கொதிகலன், இரும்பு உத்தரம் போன்ற அளவு மீறிய சரக்குகளை லோரியில் கொண்டுசெல்லும் தொழில். இத்தொழில் நடக்கும் பண்டமாரான், மலேசியாவின் சிலாங்கூரில் கிள்ளான் நகரையும் துறைமுகத்தையும் ஒட்டி அமைந்த ஊர். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் எனத் திறக்கப்பட்ட அத்துறைமுகம், 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது.

வாகனம்: ஈசுசூ, ஹினோ, மிட்சுபிஷி ஃபூசோ வகை நடுத்தர லோரிகள் மலேசியாவில் நெடுங்காலமாகப் புழங்குபவை. மிகக் கனத்த சரக்குக்குத் தாழ்தள இழுவைவண்டி தேவை.

ஓட்டும் முறை: எடை பின்னச்சுக்கு அப்பால் குவிந்தால் முன்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும், ஸ்டீயரிங் கைக்கு லேசாகிவிடும். உயரமான சுமை வளைவில் வண்டியைச் சாய்க்கும். சங்கிலியைக் குறுக்காகக் கட்டி, சிறிது தூரம் ஓடியதும் நிறுத்தி மீண்டும் இறுக்க வேண்டும். இறக்கத்தில் தாழ்ந்த கியரே காப்பு. பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பழைய லோரிகள் பலவற்றில் ஏபிஎஸ் (சக்கரப் பூட்டுத் தடுப்பு பிரேக்) இல்லாததால் முன்செல்லும் வண்டியுடன் இடைவெளி கூடுதலாக விடுவது அவசியம்.

சட்டம்: மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பொருந்தும். ஓட்டுநருக்கு ஜிடிஎல் எனும் சரக்கு வாகன ஓட்டுநர் உரிமம் கட்டாயம். பழைய வண்டிக்கு ஒழுங்கான பரிசோதனை உயிர்காக்கும் கடமை.