தந்தையார் கற்ற இத்தாலியச் சொல்



செஞ்சியை அடுத்த தளவானூர் என் ஊர். மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோயில் அங்கே உள்ளது. ஆயினும் எனக்கு வரலாற்றின் முதற்பாடம் கற்பித்தது கல்வெட்டு அன்று. ஓர் இத்தாலியச் சொல். இலையில் சோறு விழுந்ததும் என் தந்தையார், "மாஞ்சாமோ" என்பார். பிள்ளைகளாகிய நாங்கள் சிரிப்போம்.

இரண்டாம் உலகப் போரின்போது அவர் மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையில் சேர்ந்து, 1944ஆம் ஆண்டில் இத்தாலியில் இருந்தார். பாலம் அமைப்பதும் கண்ணிவெடி அகற்றுவதும் அப்படையின் பணிகள். அப்படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24ஆம் நாள் மின்யானோ என்னுமிடத்தில் கண்ணிவெடியின்மேல் தாமே வீழ்ந்து, உடனிருந்தோரைக் காத்து உயிர் துறந்தார். ஜார்ஜ் சிலுவை விருது அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பெற்றது.

போரினால் அந்நாட்டில் கடும்பசி நிலவியது. படையினரின் சமையற்கூடத்தருகே சிறுவர்கள் தகரக் குவளையுடன் நின்று, "மாஞ்சாரே, மாஞ்சாரே" என்று கேட்பார்களாம். 'உண்ணுதல்' என்பது அதன் பொருள். தந்தையார் கற்ற முதல் இத்தாலியச் சொல் அதுவே.

'மெல்லுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. பிரெஞ்சு மொழியில் 'மான்ஜே' என்பர். 1750 முதல் 1761 வரை செஞ்சிக் கோட்டையைக் காத்த பிரெஞ்சு வீரர்களும் பசித்தபோது அதைத்தானே சொல்லியிருப்பர்!

தமிழர்க்கு இவ்வினை கடினமன்று. நம் மொழியிற்போலவே ஈறே இன்னார் என்பதை உணர்த்தும். 'மாஞ்சோ' என்றால் உண்கிறேன். 'மாஞ்சி' என்றால் உண்கிறாய். 'மாஞ்சா' என்றால் உண்பாயாக. 'மாஞ்சாமோ' என்றால் உண்கிறோம். 'வாருங்கள், உண்போம்' என்று அழைப்பதற்கும் அச்சொல்லே வழங்கும்.

ஒருநாள் தந்தையார் தம் பங்கு ரொட்டியை ஒரு சிறுவனிடம் நீட்டி, கற்றிருந்த மொழியில் "மாஞ்சா" என்றாராம். அவன் ரொட்டியை இரண்டாகப் பிட்டான். ஒரு பாதியை அவர் கையில் வைத்து, தலையை ஆட்டி, "மாஞ்சாமோ" என்று திருத்தினான். அவனுக்கு வயது ஏழோ எட்டோ இருக்கும். "என் வாத்தியார் அவன்தான்" என்று தந்தையார் இறுதிவரை சொல்லி வந்தார்.

இத்தாலியப் போர்க்களங்களில் மாண்ட இந்திய வீரர் 5,000 பேருக்கும் மேற்பட்டோர். திரும்பி வந்தோர் பலர் தம் கதையை எழுதி வைக்கவில்லை. ஓரிரு சொற்களையே வீட்டில் விட்டுச் சென்றனர். உங்கள் இல்லத்து முதியோரிடம் கேளுங்கள். அவர்கள் வாயில் பொருள் விளங்காத அயற்சொல் ஏதேனும் வந்தால் சிரித்து ஒதுக்காதீர்கள். அதை எங்கே, யாரிடம் கற்றார்கள் என்று கேட்டு, ஏட்டில் குறித்து வையுங்கள். நான் அதைச் செய்யத் தொடங்கியபோது தந்தையார் இல்லை. அந்தச் சிறுவனின் பெயரை நான் கேட்கவே இல்லை.