உடற்கல்வி: டிரில் மாஸ்டர் முதல் பகுதிநேர ஆசிரியர் வரை

பள்ளி நேரத்துக்குள், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரின் கண்பார்வையில், பிள்ளைகளுக்கு ஓட்டமும் தாவலும் ஆட்டமும் கற்றுக்கொடுக்கும் பாடம் உடற்கல்வி. கால அட்டவணையில்தான் அந்தப் பெயர். பிள்ளைகள் வாயில் அது பி.டி. பீரியடு, சில ஊர்களில் கேம்ஸ் பீரியடு. தமிழகப் பள்ளிகளில் வாரத்துக்கு இரண்டு பாடவேளை என்பது பரவலான வழக்கம். பொதுத்தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லை. அதனால் தேர்வு நெருங்க நெருங்க முதலில் காணாமல் போவதும் இந்தப் பாடவேளைதான்.

இந்தப் பாடம் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கும், அங்கிருந்து சென்னைக்கும், பிறகு கோவை வழியாகத் திருப்பூருக்கும் வந்து சேர்ந்தது.

ஜெர்மனியிலிருந்து அரசியல் காரணங்களால் வெளியேறிய சார்லஸ் பெக், 1825இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரவுண்ட் ஹில் பள்ளியில் சேர்ந்து கம்பிகளிலும் கட்டைகளிலும் உடற்பயிற்சி கற்பித்தார். அமெரிக்காவின் முதல் உடற்கல்வி ஆசிரியராக அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். 1866இல் கலிபோர்னியா மாநிலம் பள்ளிகளில் உடற்பயிற்சியைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. ஜெர்மானிய முறையா, சுவீடன் முறையா, எது பிள்ளைகளுக்கு ஏற்றது என்று 1889இல் பாஸ்டன் நகரில் ஒரு மாநாடே கூடியது. அந்த விவாதம் முடியுமுன்பே மூன்றாவதாக ஒரு வழி பிறந்துவிட்டது: விளையாட்டு. ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் கைப்பந்தைக் கண்டுபிடித்தார். இரண்டுக்கும் விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு பந்தும் கொஞ்சம் இடமும் போதும். பத்து இருபது பேர் சேர்ந்து ஆடலாம். பள்ளிக்கென்றே பிறந்த ஆட்டங்கள் அவை.

அதே காலத்தில் சென்னை மாகாணப் பள்ளிகளில் இருந்தவர் டிரில் மாஸ்டர். 1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழு, நாட்டு விளையாட்டுகள், ஜிம்னாஸ்டிக்ஸ், பள்ளி டிரில் மூன்றையும் ஊக்குவிக்கச் சொன்னது. மூன்றில் டிரில்தான் வேரூன்றியது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களே பெரும்பாலும் அதற்கு வந்தார்கள். தங்களுக்குத் தெரிந்ததை அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள்: வரிசை, விறைப்பு, அடி எண்ணி நடப்பது. பிள்ளை தெருவில் ஆடிய சடுகுடுவுக்கும் கிளித்தட்டுக்கும் பள்ளிக்குள் இடமில்லை.

இதை மாற்றியவர் ஹாரி குரோ பக். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த இந்த அமெரிக்கர் 1919இல் இந்தியா வந்தார். 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். கூரைக் கொட்டகையில் ஐந்தே மாணவர்களோடு தொடங்கியது அது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்ற பெயர் அதற்கு உண்டு. பின்னாளில் அடையாற்றங்கரையில், இன்றைய நந்தனத்தில், பரந்த மைதானங்களோடு அது நிலைகொண்டது.

பக்கின் பெரிய பங்களிப்பு கட்டடத்தில் இல்லை. ஆசிரியரின் வேலை என்னவென்பதையே அவர் மாற்றி அமைத்தார். ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் இந்தியப் பள்ளிகளில் கைநூலாகப் புழங்கியது. சிறிய இடத்தில் பெண்பிள்ளைகளும் ஆடக்கூடிய எறிபந்துக்கு விதிகள் வகுத்தவர்களில் அவர் முதன்மையானவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியோடு அவரும் சென்றார். 1943இல் காலமானார். தமிழகத்தில் பக்கத்துப் பள்ளிகள் மோதும் எந்தக் குறுமையப் போட்டியின் பட்டியலை எடுத்துப் பார்த்தாலும் கைப்பந்து, கூடைப்பந்து, எறிபந்து இருக்கும். பெயர் தெரியாமலே இந்த மனிதரின் கைவேலையைத்தான் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

நந்தனத்திலிருந்து கொங்கு நாட்டுக்கு இந்தப் பாடம் வந்ததில் திருப்பூர்க்காரர் ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு. தி.சு. அவினாசிலிங்கம் 1903இல் திருப்பூரில் பிறந்தவர். 1930இல் அவர் தொடங்கிய ராமகிருஷ்ண வித்தியாலயம், கோவைக்கு வடக்கே பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்தது. அங்கே கைத்தொழிலும் தோட்ட வேலையும் உடற்பயிற்சியும் படிப்பின் பகுதிகள். 1946 முதல் 1949 வரை அவர் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராகவும் இருந்தார். வித்தியாலய வளாகத்தில் 1956இல் மாருதி உடற்கல்விக் கல்லூரி தொடங்கியது. அதன் பிறகு கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரப் பிள்ளைகள் உடற்கல்வி ஆசிரியராக வேண்டுமானால் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருக்கவில்லை. உழவர் வீட்டுப் பையனுக்கும் நெசவாளர் வீட்டுப் பையனுக்கும் ஓடத் தெரிந்ததே ஓர் அரசு வேலைக்கான தகுதியாக ஆனது அந்தத் தலைமுறையில்தான்.

விடுதலைக்குப் பிறகு ஒழுங்கைப் பற்றிய கவலை நாட்டைப் பிடித்துக்கொண்டது. நேதாஜியின் படையில் இருந்த ஜெனரல் போன்ஸ்லே 1954இல் தேசிய ஒழுங்குத் திட்டத்தைத் தொடங்கினார். என்.சி.சி., சாரணர், ஒழுங்குத் திட்டம், உடற்கல்வி என்று பள்ளிக்குள் பல வண்டிகள் ஒரே பாதையில் ஓட, அரசு அமைத்த குன்ஸ்ரு குழு அவற்றை ஒன்றாக்கப் பரிந்துரைத்தது. 1965இல் தேசிய உடல்தகுதிப் படை பிறந்தது. அமெரிக்காவையும் இதே காலத்தில் இதே போன்றதொரு கவலை ஆட்டியது. 1950களில் நடந்த கிரௌஸ்-வெபர் உடல்தகுதிச் சோதனையில் அமெரிக்கச் சிறுவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தோற்றார்கள். ஐரோப்பியச் சிறுவர்களில் தோற்றவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அதிர்ந்துபோன அதிபர் ஐசனோவர் 1956இல் இளைஞர் உடல்தகுதிக்கான மன்றத்தை அமைத்தார். அதன் தொடர்ச்சியாக அதிபர் பெயரில் உடல்தகுதித் தேர்வு வந்தது. மைல் ஓட்டம், புல்-அப், சிட்-அப் என்று நாட்டின் பிள்ளைகளை எல்லாம் அளந்த தேர்வு.

தமிழகத்தில் அளவெடுப்பு அந்த அளவுக்குப் போகவில்லை. இங்கே முக்கியத்துவம் பெற்றது காட்சி. மாஸ் டிரில் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. மைதானத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பிள்ளை. மேடையோரம் டிரம். ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணிக்கை எட்டு வரை ஏறி அங்கிருந்து இறங்கும். டம்பல்ஸ், லெசிம், வளையம், கொடி என்று ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பொருள். ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே மாலை வெயிலில் ஒத்திகை நடக்கும். கூச்சத்தால் எந்த அணியிலும் சேராத பிள்ளைக்கும் அங்கே ஒரு புள்ளி இருக்கும். மாஸ் டிரில்லைப் பழைய காலத்து மிச்சம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஒன்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிறகு அந்த இடத்தைப் போட்டி பிடித்துக்கொண்டது. குறுமையம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும் பாரதியார் தினப் போட்டிகளும் குடியரசு தினப் போட்டிகளும் பள்ளியின் பெயரைப் பத்திரிகையில் கொண்டுவந்தன. 1992இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அமைந்தது. விளையாட்டு விடுதிகள் திறமையுள்ள பிள்ளைகளைத் தேடி எடுத்தன. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைத்த ஏழைப் பிள்ளைகள் பலர். அது பெரிய நன்மைதான். ஆனால் உடற்கல்வி ஆசிரியரின் ஆண்டு முழுவதும் பதினைந்து இருபது பேருக்கே செலவாகத் தொடங்கியது. வயதுச் சான்றிதழ் வாங்குவது, நுழைவுப் படிவம் நிரப்புவது, அணியை வண்டியேற்றிக் கூட்டிப்போவது என்று அவர் அலையும் நாட்களில், மற்ற ஆயிரம் பேரின் பாடவேளை கணக்கு வாத்தியாரிடம் போனது. அமைச்சராக விளையாட்டுத் துறையைக் கவனித்த உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கணித, அறிவியல் ஆசிரியர்களைப் பொது மேடையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், வழக்கம் எவ்வளவு ஊறிப்போனது என்பது தெரியும்.

இந்தச் சிக்கல் தமிழகத்தின் எல்லா ஊர்களுக்கும் பொது. திருப்பூரில் அதற்கு வேறொரு கனம் உண்டு. 1920களில் பின்னலாடை தொடங்கிய இந்த ஊர், 1970களின் இறுதியில் ஏற்றுமதிக்குத் திரும்பியதும் ஆட்களை உறிஞ்ச ஆரம்பித்தது. 1980, 90களில் பனியன் கம்பெனிகளிலும் ஜாப்-ஒர்க் யூனிட்டுகளிலும் பள்ளி வயதுப் பிள்ளைகள் உழைத்தது ஆய்வுகளிலும் செய்திகளிலும் பதிவான வரலாறு. பையன் பெரும்பாலும் கைமடியாகச் சேருவான். டெய்லர் தைக்கத் தைக்கத் துணியின் ஓரத்தை மடித்துக் கொடுப்பதும், தைத்த பீஸை இழுத்து அடுக்குவதும் அவன் வேலை. ஆர்டர் அவசரமானால் ஒன்றரை ஷிப்ட். பத்து வயதில் ஒரே இடத்தில் குந்தி, பஞ்சுத் தூசுக்கு நடுவே, விரல்கள் மட்டும் ஓடிய உடல்கள் அவை. கூடைப்பந்தும் எறிபந்தும் யாருக்காக வகுக்கப்பட்டனவோ, அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் மைதானத்தின் பக்கமே வரவில்லை.

தொழிற்சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் அரசும் வெளிநாட்டுக் கொள்முதல்காரர்களும் தந்த அழுத்தத்தால் பிள்ளைகள் மெல்ல மெல்லப் பள்ளிக்குத் திரும்பினார்கள். 2009 பிப்ரவரியில் திருப்பூர் தனி மாவட்டமானது. அதே ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் சொல்கிறது.

அந்த ‘பகுதிநேர’ என்ற சொல்லின் பின்விளைவை 2012இல் தமிழகம் பார்த்தது. 16,549 சிறப்பாசிரியர்கள் பகுதிநேரமாக நியமிக்கப்பட்டார்கள். மாதம் 5,000 ரூபாய். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. ஓர் அரைநாளுக்கு நான்கு பாடவேளை என்று வைத்தால் வாரத்துக்குப் பன்னிரண்டு; ஆளுக்கு ஆறு வகுப்புகளைத்தான் முறையாகப் பார்க்க முடியும். பனியன் கம்பெனியில் ஒரு சாதாரணத் தையல்காரர் வாங்கும் கூலிக்குப் பட்டயமும் பட்டமும் பெற்ற உடற்கல்வி ஆசிரியரின் ஊதியம் ஈடாகவில்லை. சம்பளம் படிப்படியாக ஏறி 2021இல் 10,000, 2024இல் 12,500 ரூபாய் ஆனது. பணி நிரந்தரமும், கோடை விடுமுறையான மே மாதத்துக்கும் சம்பளமும் கேட்டு அவர்கள் ஆண்டுதோறும் சென்னையில் போராடினார்கள். உடலைப் பேணக் கற்றுத்தருபவர் இரண்டாவது வேலை பார்த்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும் என்றால், அந்தப் பாடத்துக்கு அரசு கொடுத்த மதிப்பு அதுதான்.

இடப் பற்றாக்குறை இன்னொரு பக்கம். திருப்பூரில் ஆஷர் குடும்பத்தின் கொடையால் உருவான ஜெய்வாபாய் மாநகராட்சி மகளிர் மேல்நிலைப் பள்ளி, பல ஆயிரம் மாணவியர் படிக்கும் பள்ளி. தொழிலாளர் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அது பெரும் ஆதாரம். 5,000 பேர் கொண்ட ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்ளலாம். வகுப்புக்கு 50 பேர், வாரத்துக்கு 40 பாடவேளை, அதில் இரண்டு உடற்கல்வி என்றால், எந்த நேரத்திலும் ஐந்து வகுப்புகள், 250 பேர், மைதானத்தில் நிற்க வேண்டும். திருப்பூரின் நடுப்பகுதியில் அப்படியொரு இடம் எளிதல்ல. நிலத்தின் விலை அப்படி. மாவட்ட அளவிலான போட்டிகளுக்கே சிக்கண்ணா அரசுக் கல்லூரி மைதானத்தை நம்பியிருந்த ஊர் இது.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் திருப்பூர் அரசுப் பள்ளிகளில் சேர்கிறார்கள். தமிழ் எழுத்து பிடிபட அவர்களுக்கு மாதங்கள் ஆகும். கோ-கோவில் முதுகைத் தட்டியதும் எழுந்து ஓட ஒரு நாள் போதும். அதே ஆட்டத்தை அவர்கள் ஊரிலேயே ஆடியிருப்பார்கள். புதுப்பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மொழிப்பாடத்தைவிட விரைவாக உதவக்கூடிய பாடவேளை கையில் இருக்கும்போது, அதைக் கணக்குக்குக் கொடுப்பது பெரிய இழப்பு.

அமெரிக்காவிலும் பாதை நேராகப் போகவில்லை. பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுக் கூனிக்குறுக வைக்கிறது என்ற விமர்சனத்தால், உடல்தகுதித் தேர்வு 2012-13 கல்வியாண்டோடு கைவிடப்பட்டது. அவரவர் நலனை அளக்கும் முறை வந்தது. 2025 ஜூலையில் டிரம்ப் பிறப்பித்த ஆணை பழைய தேர்வை மீண்டும் அழைத்தது.

இந்தியாவில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் விளையாட்டுப் பொருட்களுக்கென்று ஆண்டுதோறும் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 ரூபாய் ஒதுக்குகிறது. ஆயிரம் பேர் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் அது பிள்ளைக்கு ஆண்டுக்கு 25 ரூபாய். 2024-25இல் திருப்பூர் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்தது. உலகின் பிள்ளைகள் ஓடவும் ஆடவும் அணியும் டி-ஷர்ட்டுகளும் டிராக் பேன்ட்டுகளும் அதில் அடக்கம்.