ஆயாவின் விரலும் தொடுதிரையும்

ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்கள் ஊரில் நடுகல் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. வேடியப்பன் என்றால்தான் தெரியும். வில் பிடித்து நிற்கும் அந்தக் கல்லுக்கு என் ஆயா வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் தடவும். எழுத்துப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கோடு எங்கே வளைகிறது என்பது அதன் விரலுக்குத் தெரியும்.

ஒருநாள் கல்வெட்டுப் படிக்கிறவர்கள் வந்து பிரஷ்ஷால் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவினார்கள். "சாமியத் தொவைக்கிறாங்களா?" என்று ஆயா சத்தம் போட்டது. அவர்கள் ஈரக் காகிதத்தைக் கல்மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கும்படி பிரஷ்ஷால் அடித்தார்கள். பிறகு துணிப்பொதியால் மை ஒற்றினார்கள். காற்றில் பறக்காமல் காகிதத்தின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். உரித்தபோது கறுப்பில் வெள்ளை எழுத்து. இதுதான் மைப்படி. கல்லைத் தொட்ட காகிதம் ஊரைவிட்டு வெகுதூரம் போகும். அங்கே உட்கார்ந்து படிப்பார்கள்.

அப்படிப் படித்த கற்கள்தான் 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' நூலாயின. எனக்குப் பிடித்தது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, வட்டெழுத்து. எருமை மந்தையைக் காத்து மாண்டவன் கருந்தேவகத்தி. அவன் நாய் கோவிவன் திருடர் இருவரைக் கடித்துவிட்டுக் காவல் நின்றதாம். நாய்க்கும் உருவம் செதுக்கி, பெயரும் வெட்டியிருக்கிறார்கள். எத்தனை வீரர்களின் பெயரை மறந்தாலும் இந்த நாயின் பெயர் எனக்கு மறப்பதில்லை.

நடுகற்கள் இருக்கும் வழியை வெளியூர்க்காரருக்குக் காட்டுவது நமக்குப் பழைய வழக்கம். கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெற்ற மலைபடுகடாம், செங்கண்மாவுக்கு, அதாவது இன்றைய செங்கத்துக்கு, வழி சொல்கிறது. நடுகற்களைக் கண்டால் யாழ் வாசித்துவிட்டுப் போகச் சொல்கிறது. பின்னால் வருகிறவர் தடுமாறாமலிருக்கக் கவர்வழியில் புல்லை முடிந்துவைக்கவும் சொல்கிறது.

இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் நடுகற்களின் படங்களை வைத்திருக்கும் தளத்துக்கும் 'தகவலாற்றுப்படை' என்றே பெயர். சிங்கப்பூரிலிருக்கும் என் பேத்தி அங்கே நடுகற்களை இரண்டு விரலால் விரித்துப் பார்க்கிறாள். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் தொடுதிரையை நானே தொட்டுப் பார்த்தேன். படம் பெரிதாகிறது, பள்ளம் விரலில் படவில்லை. நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் தேய்ந்த எழுத்து மறைந்தே போகும். அந்த இடத்தில் மைப்படிதான் இன்னும் கெட்டிக்காரன்.

ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வேடியப்பனுக்கு எண்ணெய் தடவுங்கள், மஞ்சள் பூசுங்கள், கழுவினால் போய்விடும். திருவிழாவுக்கு எனாமல் பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். அது பள்ளத்தில் இறங்கி இறுகிவிட்டால் மைப்படியும் எடுக்க முடியாது, விரலுக்கும் எழுத்துத் தட்டாது.