மீந்த மாத்திரைகள்

"தினமும் சாப்பிடுகிறீர்கள் அல்லவா?" என்று டாக்டர் கேட்கிறார். "தவறாமல், டாக்டர்" என்கிறேன். பதினொரு வருஷங்களாக எங்களிடையே நடந்துவரும் சம்பாஷணை இது. ரத்தக் கொதிப்புக்கான மாத்திரை; காலையில் ஒன்று. அவர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும்போது நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். சொன்னது பொய். அது அவருக்கும் தெரியும் என்பது என் சந்தேகம். அனுபவம், நேர்மை என்றெல்லாம் இத்தனை காலமாக எழுதிவரும் ஒருவன் ஒரு சிறு மாத்திரை விஷயத்தில் ஏன் பொய் சொல்ல வேண்டும்? இது புரியாமல்தான், நீண்ட கால நோயாளிகளைப் பற்றி மனோதத்துவக்காரர்களும் மருத்துவர்களும் எழுதியவற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்கா, கனடா என்று போய், கடைசியில் நான் வந்து நின்ற இடம் 1956ஆம் வருஷத்துச் சென்னை.

அந்த வருஷம்தான் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தியது. பொறுப்பில் இருந்தவர் வாலஸ் பாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர். அவர்கள் முன் இருந்த கேள்வி எளிமையானது. நோயாளிகள் ஏராளம், படுக்கைகள் கொஞ்சம். வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா? 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். யார் சானடோரியத்துக்கு, யார் வீட்டுக்கு என்பதைக் குலுக்கல் மாதிரியான முறையில் தீர்மானித்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்துகள்: ஐசோனயஸிட், பி.ஏ.எஸ். ஒரு வருஷம். சானடோரியத்தில் ஓய்வு, காற்று, வயிறார உணவு. வீட்டில் இருந்தவர்களுக்கு நகரத்தின் நெருக்கடியான குடியிருப்புகள், அரைகுறைச் சாப்பாடு, ஓயாத வேலை. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு உடம்பு எடை கூடுதலாக ஏறியது, வாஸ்தவம்தான். ஆனால் கோழையில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தபோது இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 1959இல் அறிக்கை வந்தது. கூட வசித்த வீட்டாரை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்ததிலும், நோயாளி வீட்டில் இருந்ததால் அவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. உலகத்தின் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதில் சென்னையின் இந்தக் காரியத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. (புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்தில் க்ஷயத்தால் இறந்தது 1948இல். ஸ்ட்ரெப்டோமைசின் பலன் தருகிறது என்ற பிரிட்டிஷ் பரிசோதனையின் அறிக்கை வெளியானதும் அதே வருஷம். ஐசோனயஸிட் வந்தது 1952இல். இந்த நான்கு வருஷக் கணக்கை நான் பல முறை போட்டுப் பார்த்திருக்கிறேன், எந்தப் பிரயோஜனமும் இல்லாமல்.)

இந்த வெற்றிக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் இன்னொரு பக்கம். சானடோரியத்தில் நர்ஸ் எதிரே நின்று மருந்தை விழுங்க வைக்கலாம். வீட்டில் யார் நிற்பது? பி.ஏ.எஸ். சாதாரண மருந்தல்ல. நாளொன்றுக்குப் பத்து கிராம் வரை விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். அதிலும் ஒன்றிரண்டு மாதத்தில் இருமல் நின்று, பசி எடுத்து, மனுஷன் தன்னைச் சொஸ்தமாக உணர ஆரம்பித்த பிறகும் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மையத்தின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போனார்கள். மீந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கி, பெர்ரிக் குளோரைடு விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்தார்கள். பலர் சாப்பிட்டிருக்கவில்லை. கேட்டால் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார்கள், நான் சொல்வது போலவே. 1958இல் பாக்ஸ் இதைத் தனிப் பிரச்னையாகவே எடுத்து ஒரு கட்டுரை எழுதினார்: நோயாளியின் கையில் மருந்தைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்று.

நோயாளியை வீட்டுக்கு அனுப்பிய அதே கைதான் அவன் பின்னாலேயே ஆளையும் அனுப்பியது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அரைகுறையாக மருந்து சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு மசியாததாகிவிடும், ஆள் செத்துப்போவான், அடுத்தவனுக்கும் அதைக் கொடுத்துவிட்டுச் சாவான். எண்ணியவர்களுக்கு எண்ண நியாயம் இருந்தது. ஆனால் நோயாளியின் சொல் அங்கே சாட்சியங்களில் கடைசிச் சாட்சியமாயிற்று; சிறுநீர் முதல் சாட்சி. 1964இல் மையம் வேறு வழியைப் பரிசோதித்து வெளியிட்டது. வாரத்துக்கு இரண்டே முறை, ஆனால் கண்ணெதிரே. அதன் வாரிசுதான் 1990களில் உலக சுகாதார நிறுவனம் ஊர் ஊராகக் கொண்டுபோன 'டாட்ஸ்'.

காசநோய்க்கு ஒரு முடிவு இருந்தது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் அது கிடையாது. கனடாவில் ஹாமில்டன் நகரத்தில் டேவிட் சாக்கெட்டும் அவருடைய கூட்டாளிகளும் உருக்காலைத் தொழிலாளிகள் 230 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனை 1975இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு ரத்தக் கொதிப்பு என்றால் என்ன, விட்டால் என்ன ஆகும் என்று முறையாகப் பாடம் நடத்தினார்கள். பாடம் நன்றாகவே மண்டையில் ஏறியது. மாத்திரை சாப்பிடுவதில் மட்டும் மாற்றமில்லை. அறிவு கொடுத்தால் மனுஷன் திருந்திவிடுவான் என்று நினைக்கிற நம் முற்போக்கு நண்பர்கள் படிக்க வேண்டிய ஆராய்ச்சி இது.

இவர்கள் உபயோகித்த சொல் 'கம்ப்ளையன்ஸ்'. கீழ்ப்படிதல் என்றுதான் நான் தமிழில் சொல்வேன். பின்னால் அது உறுத்தியிருக்க வேண்டும், 'அட்ஹீரன்ஸ்' என்று மாற்றினார்கள். பற்றி நிற்றல். அதிகாரியின் பாஷையிலிருந்து பக்தியின் பாஷைக்கு வந்தாயிற்று. 2003இல் உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்கின்படி, பணக்கார தேசங்களிலேயே நீண்ட கால நோயாளிகளில் சுமார் பாதிப் பேர்தான் பற்றி நிற்கிறார்கள்.

ஏன் என்று நோயாளியிடமே உட்கார்ந்து கேட்கிற காரியம் தாமதமாகத்தான் வந்தது. பீட்டர் கான்ராட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் வலிப்பு நோய் உள்ள 80 பேரிடம் பேசி, 1985இல் எழுதினார். மருந்தை நிறுத்துகிறவன் டாக்டரை மீறுவதாக நினைப்பதில்லை. நோய் இன்னும் இருக்கிறதா என்று தானே சோதித்துப் பார்க்கிறான், தன் உடம்பின் மீது தனக்குள்ள பாத்தியதையை நிலைநாட்டுகிறான். அதே வருஷம் மேயர், லெவந்தால், கட்மன் மூவரும் ரத்தக் கொதிப்புக்காரர்களைப் பற்றி எழுதியது என்னைத் தூக்கிவாரிப்போட்டது. பிரஷர் ஏறினால் ஒருவனுக்குத் தெரியாது என்பதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். அதே மூச்சில், தனக்கு மட்டும் தெரியும் என்றும் பெரும்பாலோர் சொன்னார்கள். தலைவலி, முகத்தில் சூடு, படபடப்பு என்று ஆளுக்கொரு அடையாளம். அந்த அடையாளத்தை மருந்து தணிப்பதாக நம்பியவன் மருந்தைச் சாப்பிட்டான். இது வந்து போகிற நோய் என்று நினைத்தவன் நடுவில் விட்டுவிட்டான். லெவந்தால் இதைச் சாமானிய அறிவின் சித்தாந்தம் என்கிற மாதிரி பெயரிட்டார். நோயாளி ஒவ்வொருவனும் தன் நோயைப் பற்றிய ஒரு கதையை வைத்துக்கொண்டிருக்கிறான், அதன்படி நடக்கிறான். கதைக்காரர்களான நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று தோன்றலாம். எனக்கு இருந்தது. என் அடையாளம் பிடரியில். பிடரி கனத்தால் விழுங்குவேன், இல்லாவிட்டால் இல்லை. இதைக் கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் உண்டு, எந்த ஆராய்ச்சியும் சொல்லித் தெரிய வேண்டியதில்லாதது. மாத்திரை சாப்பிடாத காலையில் நான் நோயாளி இல்லை. அட்டையைப் பிதுக்கும் அந்த ஒரு கணத்தில்தான் ஆகிறேன். மாதக் கடைசியில் என் மனைவி அலமாரியிலிருந்து அட்டைகளை எடுத்து எண்ணுகிறாள். "இன்னும் பத்து இருக்கே?" என்கிறாள். கடைக்காரன் கூடுதலாகக் கொடுத்துவிட்டான் என்கிறேன்.

சென்னை மையம் இன்னும் சேத்துப்பட்டில் இருக்கிறது; 2011லிருந்து தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். சில வருஷங்களுக்கு முன் இந்தியாவில் ஒரு புது ஏற்பாடு வந்தது. அட்டையில் மாத்திரையைப் பிதுக்கினால் அடியில் ஒரு போன் நம்பர் தெரியும். அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் சாப்பிட்டதாகக் கணக்கு. சாப்பிட்டார்களா என்று பார்க்க சென்னை, வேலூர், மும்பையில் நோயாளிகளின் வீடுகளுக்கு முன்னறிவிப்பில்லாமல் போய், சிறுநீர் வாங்கி, ஐசோனயஸிட் இருக்கிறதா என்று சோதித்தார்கள். 2020இல் முடிவு வெளிவந்தது. போன் சொன்னதும் சிறுநீர் சொன்னதும் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை.